எண்ணூர் செல்லக்காசு கிடைத்துவிட்டது

அன்பு மகள் எழில்மொழிக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் அம்மாவின் முழங்கால்கூட நலம், படிக்கப் போன அந்த வெளிநாட்டுக் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் சந்தோஷத்தில் கத்தித் தெருவைக் கூட்டிவிடுவேன் என்று அம்மா தடுத்துவிட்டதால், மிளகாய்ப்பொடி பார்சலுக்குள் இதை எழுதி வைக்கிறேன். நம் செல்லக்காசு மீன் கிடைத்துவிட்டது கண்ணு!

நீ பத்தாவது படிக்கும்போது எண்ணூர் வாய்க்காலில் நாம் வலை போட்டுப் பிடித்தோமே, அதே மஞ்சள் மீனின் வம்சம். புயல் வெள்ளத்தில் வாய்க்கால் முழுக்க எண்ணெய் படிந்த பிறகு அங்கே ஒன்றுகூட அகப்படவில்லை, அதே வாரம் கரண்ட் இல்லாமல் காற்று பம்ப் நின்று நம் தொட்டியிலிருந்தவையும் செத்துப்போயின. கடையில் செல்லக்காசு விற்கிறார்கள்தான், ஆனால் எந்த ஊர்த் தண்ணீரில் பிடித்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. போன மாதம் மீன் வளர்ப்போர் குழுவில், யாரிடமாவது எண்ணூர் மீன் இருக்கிறதா என்று கேட்டுவைத்தேன். முன்பு புளியந்தோப்பு நவ்ரீனுக்குக் குஞ்சு கொடுத்தோமே, அவள் அதில் நாலை கொடுங்கையூர் அருள்பிரகாசத்துக்குக் கொடுத்ததாகச் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்து ஓடினேன். அவர் மொட்டைமாடித் தொட்டியில் இருபது மீன்! கடை மீனோடு கலந்துவிட்டீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னா சார், ஊர் பேர் தெரியாத மீனை இதுங்களோட வுடுவனா? சீட்டு கீது, பாரு” என்றார். பார்த்தால் உன் கோணல் எழுத்து, ‘எண்ணூர் வாய்க்கால், ரயில் பாலத்துக்கு வடக்கே’ என்று, பிடித்த தேதியோடு. நவ்ரீனுக்குக் குஞ்சோடு நாம் கொடுத்த அதே சீட்டு. அதன் கீழே நவ்ரீன் பெயர், அவர் பெயர், கைமாறிய தேதிகள். அழுதுவிட்டேன். அவர் ஆறு மீன் கொடுத்தார். மடியில் கவரோடு வந்தபோது கண்டக்டர், “இன்னா நைனா, தனியா சிரிச்சிகினு வர்றே” என்று கேட்டே விட்டார்.

போன வாரம் குஞ்சு பொரித்திருக்கிறது! தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன, குஞ்சுகள் அவற்றின் உடம்பில் ஊறும் வழவழப்பைக் கொறித்துப் பசியாறுகின்றன. தொட்டியைத் தூக்கி எறியச் சொன்ன உன் அம்மா இப்போது மிக்சி போடுவதில்லை, கேட்டால், “கொயந்தைங்க பயந்துக்கும்யா” என்கிறாள்.

தடித்த சாக்ஸ் போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு. நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருப்பாய். ஒன்று மறக்காதே, வாய்க்கால் தண்ணீர் எவ்வளவு தெளிந்தால் இந்தக் குஞ்சுகளைத் திரும்ப அங்கேயே விடலாம் என்று தண்ணீரை ஆராயும் உன் பேராசிரியரிடம் கேட்டு எழுது.

இப்படிக்கு,
தரையில் கால் பாவாத உன் அப்பா,
செங்குட்டுவன்