கூடவே வரும் இரண்டாம் தாள்

மார்ச் 4, செவ்வாய்

மாடிவீட்டுக்காரர் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு என்னதான் சார் வேலை?" யாராவது புதிதாக ஓர் இயந்திரம் கண்டுபிடித்தால் அதற்குக் காப்புரிமை கேட்டு எங்கள் வக்கீலம்மா விண்ணப்பம் போடுவார், அதற்குப் படம் வரைவது நான், இதையே வேறு யாராவது முன்பே கண்டுபிடித்திருக்கிறார்களா என்று பழைய பதிவுகளைத் துழாவுவதும் நான் என்று சொன்னேன். "ஓ, அடுத்தவன் மூளைக்குக் காவல்காரர்!" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இருபத்திரண்டு வருஷ வேலையை நாலே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மத்தியானம் ஒரு பெண்மணி செருப்புப் பெட்டியோடு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். மருந்துக் கடைகளுக்குக் காகிதக் கவர் செய்கிற சின்னப் பட்டறை, நான்கு பெண்கள் வேலை செய்கிறார்களாம். கவர் மடிக்கும் இயந்திரம் வாங்கிப் போட்டதிலிருந்து தலைவலி ஒன்றுதான்: ஒரு தாளை இழுத்தால் அடியில் இருக்கிறதும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிடுகிறது. அதற்கு இவரே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். பெட்டிக்குள் அட்டை, ரம்பத் தகடு, சைக்கிள் டியூப் ரப்பர், இவற்றால் ஒரு மாடல். என் மேஜையில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். ஒரு தகடு தாளடுக்கின் மூலையை லேசாக வளைத்துக் காற்று புகவிடுகிறது. பிறகு தாளை மேலே தூக்காமல் பக்கவாட்டில் இழுக்கிறது.

"எண்ணுங்க சார்."

எண்ணினேன். நூறு சுற்று, நூறு தாள். ஒன்றுகூட இரட்டையாக வரவில்லை. கடைசித் தாள் வந்ததும் கைதட்டிவிட்டேன். வக்கீலம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். வெட்கமாகப் போய்விட்டது.

மார்ச் 7, வெள்ளி

கம்ப்யூட்டரில் வரைந்தாலும் எனக்கு முதலில் பென்சில்தான். மாடலுக்கு மூலம் எதுவோ அதைப் பார்க்கவேண்டும், நீங்கள் கையால் எப்படித் தாளைப் பிரிப்பீர்கள் என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். ஒரு கட்டுத் தாளை வாங்கி மேஜை ஓரத்தில் வைத்து, கட்டைவிரலால் மூலையைத் தடவினார். தாள் தானாகவே விலகி வந்தது.

"லேசாத் தடவிவிட்டா அதுவே வழி விடும் சார். வெடுக்குனு இழுத்தாத்தான் ரெண்டா வரும்."

அந்தக் கட்டைவிரலை மூன்று கோணத்தில் வரைந்தேன். தேவைக்கு ஒன்று போதும்.

விண்ணப்பத் தாளில் கணவர் பெயரை எழுதும்போது சொன்னார்: அட்டைப்பெட்டி ஆலையில் ஃபிட்டராக இருந்தவராம், போய் இந்த மாதத்தோடு எட்டு வருஷம் ஆகிறதாம். "வீட்ல பேசவே மாட்டார் சார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிசயம். நான் உக்காந்து கவர் மடிப்பேன், எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பார். பதினாறு வருஷம். என்னைப் பத்தி என்ன நினைச்சார்னு தெரியாமலே போச்சு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் பென்சிலைச் சீவினேன். ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

இன்று அவர் வரவில்லை. வரவேண்டிய நாளும் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

கீழ்வீட்டிலிருந்து தங்கை வந்தவள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். "என்னண்ணா, சட்டைக்கு இஸ்திரியெல்லாம்? யாரு கல்யாணம்?" ஆபீஸில் ஒரு கூட்டம் என்றேன். நாற்பத்தொன்பது வயதுத் தனிக்கட்டை, தங்கையிடம் பொய்.

அவர் பதினோரு மணிக்கு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. பொதிகட்டும் இயந்திரம் செய்கிற பெரிய கம்பெனிக்காரர்கள் பட்டறைக்கு வந்து மாடலைப் பார்த்தார்களாம். தங்கள் இயந்திரத்தில் இதைப் பொருத்த ஆசையாம், ஆனால் காப்புரிமை இருந்தால்தான் பேச்சு. "எங்க பட்டறைப் பொண்ணுங்க இப்பவே என்னை விஞ்ஞானின்னு கூப்பிடறாளுங்க சார். கிண்டல்தான். ஆனா கேக்க நல்லாத்தான் இருக்கு."

மார்ச் 18, செவ்வாய்

பதிவுகளைத் தேடினேன். கிடைத்துவிட்டது. கிடைக்காமல் இருந்திருக்கக்கூடாதா?

பதினொரு வருஷத்துக்கு முந்தைய விண்ணப்பம். பிரசுரமாகி, பிறகு கேள்விக்குப் பதில் வராததால் கைவிடப்பட்டது. அதே வளைந்த தகடு. அதே பக்கவாட்டு இழுப்பு. கையால் வரைந்த படம், கோடு கொஞ்சம் கோணல். யாருடையது என்று பெயரைப் பார்த்தேன். பிறகு அந்தப் பெண்மணி நிரப்பிய தாளை எடுத்து வைத்து மறுபடி பார்த்தேன்.

அவருடைய கணவர்.

முகவரி, அட்டைப்பெட்டி ஆலை. பதில் கேட்டு அரசாங்கம் அனுப்பிய கடிதத்தின் தேதி, அவர் இறந்து நான்கு மாதம் கழித்து. கடிதம் ஆலைக்குப் போய் எந்த மூலையில் கிடந்ததோ.

விளக்கத்தின் கடைசிப் பத்தியை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்:

"இவ்வமைப்பு, மனுதாரரின் மனைவி வீட்டில் காகித உறை மடிக்கையில் தாளின் மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பிரிக்கும் முறையைப் பல ஆண்டுகள் கவனித்து உருவாக்கப்பட்டது. அவர் கையில் ஒருமுறைகூட இரு தாள்கள் சேர்ந்து வந்ததை மனுதாரர் கண்டதில்லை."

சட்டப்படி அந்த வாக்கியங்கள் அங்கே தேவையே இல்லை. நான் எழுதியிருந்தால் வக்கீலம்மா சிவப்பு மையால் அடித்திருப்பார். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் படித்திருக்கிறேன். பெண்டாட்டியைப் பற்றி எவனும் எழுதியதில்லை.

மார்ச் 19, புதன்

"தேடல் முடிஞ்சுதா சார்?" என்று வக்கீலம்மா கேட்டார். இன்னும் ரெண்டு நாள் ஆகும் என்றேன்.

எதற்குப் பொய் சொன்னேன்? விண்ணப்பத்தைப் போட்டுவிட்டால், பரிசோதனை அதிகாரி இதைக் கண்டுபிடிக்க எப்படியும் இரண்டு வருஷம் ஆகும். இரண்டு வருஷம் அவர் இந்த ஆபீஸுக்கு வந்து போய்க்கொண்டிருப்பார் — இதைத்தானே நினைத்தேன்? ஒரு மனுஷியின் நம்பிக்கையை இரண்டு வருஷம் ஊதி வளர்த்து உடைக்கிறதா? என்ன ஜென்மம் நான்.

அதுமட்டும் இல்லை. எழுதுகிறதென்றால் முழுசாக எழுது. அந்தப் பத்தியை அவர் படித்துவிட்டால், பேசாமலே போன புருஷன் பேசிவிடுவான். அதற்குப் பிறகு எனக்கு அங்கே என்ன இடம்? செத்துப்போன ஆளிடம் போய்ப் பொறாமைப்படுகிறேன். அதுவும் எவ்வளவு நல்ல ஆள்.

மார்ச் 20, வியாழன்

வக்கீலம்மாவிடம் காட்டிவிட்டேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கைவிட்டதானாலும் பிரசுரமாயிடுச்சே. புதுமை போச்சு. விண்ணப்பம் நிக்காது." பிறகு, "நீங்களே போய்ச் சொல்லிடுங்க சார். நான் சொன்னா சட்டமாத்தான் சொல்வேன்" என்றார். இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

போனேன். கார் ஷெட்டைத் தடுத்து எடுத்த பட்டறை. ஒரு பக்கம் பசை வாளி, மறுபக்கம் சுவர் உயரத்துக்குத் தாள் கட்டுகள். பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். படத்தின் நகலை முதலில் கொடுத்தேன்.

"இது என்னோடதுதானே? ஏன் சார் இப்படிக் கோணலா வரைஞ்சிருக்கீங்க?"

"நான் வரையலம்மா. பேரைப் பாருங்க."

பார்த்தார். தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அடுத்த பக்கத்தைத் திருப்பி, கடைசிப் பத்தியை விரலால் காட்டினேன். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

"பாவி மனுஷா," என்றார். "கவர்மெண்டுக்கு எழுதத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையே!"

தாள் கட்டின்மேல் உட்கார்ந்து அழுதார். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. எங்கே நிற்பது என்று தெரியாமல் பசை வாளியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ எனக்குக் காப்புரிமை கிடைக்காது?" என்றார்.

"கிடைக்காதும்மா."

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாமே."

"ரெண்டு நாள் சொல்லாமத்தான் இருந்தேன்."

ஏன் என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பெண்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. கிளம்பிவிட்டேன்.

மார்ச் 29, சனி

செய்தி இல்லை. ஃபைலை மூடிக் கட்டிவிட்டேன். முடிச்சு மட்டும் தளர்வாக.

ஏப்ரல் 10, வியாழன்

தங்கை கேட்டாள்: "ஏண்ணா, ஆபீஸ்ல இப்போ கூட்டமெல்லாம் இல்லையா?" கசங்கின சட்டையை ஒரு தரம், என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். வேறொன்றும் கேட்காமல் காபி கொடுத்துவிட்டுப் போனாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஏப்ரல் 21, திங்கள்

காலை ஒன்பதரைக்கு, கதவு திறந்ததும் அவர்! செருப்புப் பெட்டி இல்லை, பெரிய அட்டைப் பெட்டி. உள்ளே இரண்டு மாடல்கள்.

"இது அவரோடது. படத்தைப் பாத்து அப்படியே செஞ்சேன். அதுக்குத்தான் இத்தனை நாள். இதுல ஒரு குறை இருக்கு சார்."

ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த தாளை அடுக்கிச் சுற்றினார். நாலாவது சுற்றில் இரட்டைத் தாள். மழைநாளில் தாள் நமத்துப்போனால் இப்படித்தான் ஆகுமாம். செருப்புப் பெட்டியில் கொண்டுவந்த முதல் மாடலும் அதில் தோற்றுப்போனதாம்.

"ஆனா என் கையில வராது. ஏன்னு நாலு நாள் என் கையையே பாத்தேன். பாருங்க." வலதுகைக் கட்டைவிரல் மூலையைத் தடவியது. தாளடுக்கின் பின்பக்கத்தில், இடதுகைச் சுண்டுவிரல் பட்டும் படாமலும் அழுத்திக்கொண்டிருந்தது. அடியில் இருக்கும் தாளை அதுதான் போகவிடாமல் நிறுத்துகிறது. "அவர் கட்டைவிரலை மட்டும்தான் பாத்திருக்கார். சுண்டுவிரலைப் பாக்கல."

நானும்தான் பார்க்கவில்லை. மூன்று கோணத்தில் வரைந்தவன்!

இரண்டாவது மாடலில், பின்பக்கம் ஒரு ரப்பர் துண்டு, மெல்லிய வில்லின்மேல். நமத்த தாள், நூறு சுற்று, நூறு தாள். இந்தத் தடவை வக்கீலம்மாவும் வந்து நின்று எண்ணினார்.

ஏப்ரல் 28, திங்கள்

ஒரு வாரமாகத் தேடிவிட்டேன். சுண்டுவிரல் யாரிடமும் இல்லை. "இது நிக்கும் சார்" என்றார் வக்கீலம்மா. நானே போனில் சொன்னேன். அந்தப் பக்கம் பட்டறைப் பெண்கள் கூச்சல் போடுவது கேட்டது.

மே 15, வியாழன்

"அவர் பேரு இதுல எங்கயாவது வருமா?" என்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வந்தவர் கேட்டார். முந்தைய கண்டுபிடிப்பைக் குறிப்பிடுவது சட்டப்படி கட்டாயம் என்று விளக்கினார் வக்கீலம்மா. இரண்டாம் பத்தியில் அவருடைய கணவர் பெயரும் விண்ணப்ப எண்ணும் வருகின்றன. அந்தப் பக்கத்தை மட்டும் நானே உட்கார்ந்து சரிபார்த்தேன். ஓர் எழுத்துப் பிழைகூட இருக்கக்கூடாது. அந்த மனிதருக்கு நான் வேறென்ன செய்ய முடியும்?

ஜூன் 5, வியாழன்

விண்ணப்பம் போயாகிவிட்டது. ரசீதை அவரிடம் கொடுத்தேன். பெரிய கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு ஓர் இயந்திரத்தை அவர் பட்டறைக்கே அனுப்புகிறார்களாம். வாசல்வரை கூட நடந்தேன்.

"இனிமே இங்க வரவேண்டிய வேலை உங்களுக்கு இல்ல," என்றேன். "தபால் வந்தா நாங்களே அனுப்பிடுவோம்."

"வேலை இருந்தாத்தான் வரணுமா?" என்றார். படி இறங்கியவர் திரும்பி நின்றார். "மிஷின் வந்து எறங்கினதும் ஒரு ஞாயித்துக்கிழமை மாட்டுவோம். வரையறதுக்கு ஒண்ணும் இருக்காது. சும்மா வாங்க."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நான் பட்டறைக்குப் போவது இது நாலாவது ஞாயிறு. இயந்திரத்தைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தாயிற்று. ரப்பர் துண்டை அவர் கையாலேயே மாட்டவேண்டும் என்று பெண்கள் பிடிவாதம். அவர் குனிந்து, பாதி உடம்பை உள்ளே விட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார்.

"என்னங்க, அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனர்."

நான்கு பெண்களும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். நீட்டிய கை அப்படியே நின்றது. ஆனால் திருத்திச் சொல்லவில்லை.

நான் எட்டாம் நம்பரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு உள்ளேயே வெகுநேரம் திருகிக்கொண்டிருந்தார்.