மீதி ஒன்பது நிமிடம்

மார்ச் 3, ஞாயிறு

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நான் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது, கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நீ மாற்றலாகிப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. வீட்டில் ஒரு சாமானையும் நான் நகர்த்தவில்லை. சோபாவில் நீ உட்காருகிற பக்கம் பள்ளமாகவே இருக்கிறது. நான் என் பக்கத்தில்தான் உட்காருகிறேன்.

'மேகப் படிக்கட்டு' நல்லதா, 'கண்ணாடிக் கடல்' நல்லதா என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டாய். ஜப்பான் கார்ட்டூன் தொடர், இந்த அனிமே பார்க்கிறவர்களில் பாதிப் பேர் இதற்காகத்தான் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு 'மேகப் படிக்கட்டு'தான். நானூற்றுப் பன்னிரண்டு எபிசோட் ஆகியும் அந்தத் தச்சர்கள் மேகத்துக்குள் படி கட்டிக்கொண்டே போகிறார்கள். உச்சியில் இருக்கிற கதவை இன்னும் ஒருவரும் பார்த்ததில்லை. ஒரு எபிசோடுக்கு ஒரு படி. அந்தப் படியில் யாராவது வந்து உட்கார்ந்து தன் கதையைச் சொல்வார்கள். கீழே பறவைகள் போகும்.

லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்குப் படிக்கட்டு பிடிக்குமா என்று கேலி செய்வாய். லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டு மெதுவாக மேலே போகும்போது, ஒவ்வொரு மாடியிலும் கதவிடுக்கு வழியாக ஒரு கீற்று வெளிச்சம் என்மேல் ஏறி இறங்கும். யாரோ சிரிப்பது பாதி கேட்கும். அந்த நேரத்தில் போய்ச் சேரவே வேண்டாம் என்று தோன்றும். 'மேகப் படிக்கட்டு' முழுக்க அப்படித்தான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
லிஃப்ட்காரன்


மார்ச் 9, சனி

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தேன்.

நான் 'கண்ணாடிக் கடல்' கட்சி. பன்னிரண்டே எபிசோட். கடல் ஒரு நாள் கண்ணாடியாக உறைந்துபோகிறது. அக்கரையில் ஒருவன் விளக்கோடு நிற்கிறான், இக்கரையிலிருந்து அவள் நடக்கிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் நாள் முழுக்க மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் அரைக்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். கனமான கண்ணாடிக்கு அடியில் இருப்பது இருக்கிற இடத்தில் தெரியாது, கொஞ்சம் தள்ளித் தெரியும். அவள் காலடியில் தூங்குகிற மீன்களை அப்படியே தள்ளி வரைந்திருக்கிறார்கள். வரைந்த கைக்குத் தங்க வளையல் போடலாம். இங்கேயும் சாயங்காலம் ஜன்னல் வெயில் லென்ஸ் தட்டுகளில் விழுந்து சுவரெல்லாம் தண்ணீர் போல ஆடும்போது, நானும் அந்தக் கடல்மேல் நிற்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்று கவனித்தீர்களா? பதினோரு எபிசோடும் நடக்கிறவள் அவள்தான். அவன் விளக்கைத் துடைக்கிறான், திரி மாற்றுகிறான், மறுபடி துடைக்கிறான். நாம் சேர்ந்து பார்த்தபோது நீங்கள், "பாவம், எவ்வளவு பொறுமையா நிக்கிறான் பாரு" என்றீர்கள். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

கடைசி எபிசோடை நாம் பார்க்கவே இல்லை. எந்தக் கதைக்கும் கடைசி எபிசோடைப் பார்க்காத மனிதர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். "முடிச்சிட்டா அவங்க போயிடுவாங்க" என்று எழுந்துவிட்டீர்கள். எனக்கு மாற்றல் வந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் சொன்னேன். அதற்கும், "அப்புறம் பேசிக்கலாம்" என்றீர்கள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை, கூட வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

இப்போது என்னை இங்கேயே நிரந்தரமாக, லென்ஸ் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கச் சொல்கிறார்கள். இருபதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் திரும்பி வரமாட்டேன். நீங்கள் அங்கே நான் இங்கே என்று இனியும் ஓட்ட என்னால் முடியாது. சேர்ந்து இருக்கப்போகிறோமா, பிரியப்போகிறோமா? இதற்கும் அப்புறம் என்று எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போடுவேன். எனக்கு முடிகிற கதைதான் பிடிக்கும்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி


மார்ச் 17, ஞாயிறு

என் கண்ணாடிக்காரிக்கு,

ஒரு வாரமாக உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்று மத்தியானம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, 'கண்ணாடிக் கடல்' பன்னிரண்டாவது எபிசோடைத் திறந்தேன். அதன் கீழே, எதுவரை பார்த்தது என்று காட்டுகிற சிவப்புக் கோடு பதினான்காவது நிமிடத்தில் நிற்கிறது. நான் அதைத் தொட்டதே இல்லை. நம் அக்கவுண்டில் நம் இரண்டு பேரைத் தவிர யார் இருக்கிறார்கள்? முடிகிற கதைதான் பிடிக்கும் என்று என்னைத் திட்டுகிறவளும் முடிவைப் பார்க்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

முதலிலிருந்து பார்த்தேன். நடுக்கடலில் அவளுக்குக் கால் ஓய்ந்துபோகிறது. உட்கார்ந்துவிடுகிறாள். கண்ணாடி முனகத் தொடங்குகிறது, அடியில் மீன்கள் ஒவ்வொன்றாகக் கண் விழிக்கின்றன. அவள் அவனைக் கூப்பிடவே இல்லை. அக்கரையில் அவன் முதல் தடவையாக விளக்கைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றக் குனிகிறான். நீ நிறுத்திய இடம் அதுதான். நானும் அங்கேயே நிறுத்திவிட்டேன்.

'மேகப் படிக்கட்டு' ஏன் பிடிக்கும் என்று எழுதினேனே, அது முழு உண்மை இல்லை. முடியாத கதையில் ஒன்றையும் தீர்மானிக்க வேண்டியதில்லை, அதனால்தான் பிடிக்கும். வீட்டை நீ விட்டுப்போனபடி வைத்திருப்பதுதான் அன்பு என்று பதினோரு மாதம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். நான் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ கையெழுத்துப் போடு. நான் வருகிறேன். நேற்றே வேலையை விட எழுதிக் கொடுத்துவிட்டேன். மேஸ்திரி, "பைத்தியமா உனக்கு? அங்க போய் என்ன பண்ணுவே?" என்றார். "அங்கயும் மாடி இருக்கும்ல?" என்றேன். மாதக் கடைசியில் விடுகிறார்கள். மீதி ஒன்பது நிமிடத்தை உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

உன்,
லிஃப்ட்காரன்


மார்ச் 23, சனி

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான் புதன்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நீங்கள் வருவீர்கள் என்று நம்பிப் போடவில்லை. உங்களிடமிருந்து ஒன்றும் வராது என்று முடிவுகட்டித்தான் போட்டேன். இதை உங்களிடம் மறைத்தால் நான் நானில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வந்து, கையைக்கூடக் கழுவாமல், லென்ஸ் தூளோடு உட்கார்ந்து அந்த ஒன்பது நிமிடத்தையும் தனியாகப் பார்த்தேன். உங்களோடு பார்க்கத்தான் இத்தனை நாள் நிறுத்திவைத்திருந்தேன். கோபத்தில் பார்த்தேன். முடிந்ததும் அழுதேன். திரை கறுத்த பிறகும் அந்த மீன்கள் அறைக்குள் போய்க்கொண்டிருந்த மாதிரி இருந்தது. நீங்கள் இப்போது திறந்தால் சிவப்புக் கோடு கடைசிவரை ஓடியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

மறுநாள் உங்கள் கடிதத்தை வேலையிடத்திலேயே பிரித்தேன். மூன்று தரம் படித்தேன். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பதினோரு மாதக் கோபம் ஒரு கடிதத்தில் போகாது. வாருங்கள், இங்கே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துக்கொள்கிறேன்.

அவன் கண்ணாடிமேல் கால் வைத்தானா, அதற்குள் கடல் உருகிவிட்டதா என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. முதல் தடவையாக ஒரு கடைசி எபிசோடைப் பார்க்கப்போகிறீர்கள். நான் திரையைப் பார்க்கப்போவதில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சோபாவைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், இங்கே வாசலில் நுழையாது. இரண்டு நாற்காலி இருக்கிறது. ஒன்றில் துணி குவிந்து கிடக்கிறது. எடுத்துவைக்கிறேன்.

உங்கள்,
கண்ணாடிக்காரி