ஐந்தாவது இன்ஸ்பெக்டர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

இந்த நாட்டில் முப்பது வருடமாக ஓடும் ஆங்கில டிவி தொடரில் இன்ஸ்பெக்டர் வேடம் எனக்குக் கிடைத்திருக்கிறது. முன்பு நடித்த நால்வரும் வெள்ளைக்காரர்கள். நேற்று ஸ்டூடியோ வாசலில் ஒரு கூட்டம், "எங்க இன்ஸ்பெக்டர் கறுப்பன் இல்ல!" என்று கத்தியது. காவலாளி என்னைப் பின்வாசல் வழியாக அழைத்துப்போனார். முதல் நாளே ராஜமரியாதைதான், கவலைப்படாதே.

மேக்கப் பெட்டியில் என் நிறத்துக்குப் பவுடரே இல்லை. இருந்ததைப் பூசியதும் முகம் சாம்பலாய் வெளிறிவிட்டது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் டைரக்டர்.

எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "இப்ப எடுங்க" என்றேன். கேமரா ஓடியது.

அறை குளிர்கிறது, உன் பழைய போர்வையை அனுப்பு. பார்சலில் எப்போதும் நீ செருகும் சிவப்பழகு கிரீம் இனி வேண்டாம்மா. வண்டி வந்துவிட்டது.

உன் கறுப்பன்