கப்பல் மார்க் காகிதம்

1931 ஜூன் 3, புதன்

எண்ணூரிலிருந்து திரும்பி வந்து வாசற்படியில் கால் வைத்ததும் சீமெண்ணெய் வாடை.

விளக்கு கவிழ்ந்துவிட்டதோ என்று மாடத்தைப் பார்த்தேன். விளக்கு துடைத்து வைத்தபடியே இருந்தது. அடுப்படியிலும் வாடை இல்லை. பாக்குப் பொட்டலம் போடுகிற அறைப்பக்கம் போகப் போகக் கூடியது. மூலையில் ஞானம் அச்சாபீஸ் காகிதக் கட்டுகள், இடுப்பு உயரத்துக்கு. மேல் தாளை எடுத்து முகர்ந்தேன். அதுதான்.

அம்மாவிடம் சொன்னேன். "பதினேழு நாள் பெரியம்மா வூட்ல உக்காந்து தின்னுட்டு வந்து குத்தம் கண்டுபுடிக்கிறியா? கை கழுவிட்டு வந்து மடி" என்றாள். மடித்தேன். சாயங்காலத்துக்குள் நானூறு பொட்டலம். இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜூன் 4, வியாழன்

ஞானம் வந்திருந்தார். வழக்கம்போல நான் திரைக்குப் பின்னால். புதுக் காகிதத்தின் மாதிரி கொண்டுவந்தார். அதே கப்பல் படம்தான், ஆனால் இந்தத் தடவை மூன்று கலரில். கடல் நீலம், புகைக்கூண்டு சிவப்பு. அத்தா அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"பாய், ரங்கூன்ல உங்க பாக்கை தூரத்துலேருந்தே அடையாளம் கண்டுக்குவான். நாப்பதாயிரம் தாளையும் நாலு நாள்ல போட்டுக் குடுத்துடுறேன்."

நான்கு நாள். எப்படிக் காயும்?

கேட்கவில்லை. நான் எங்கே கேட்பது. என் குரல் திரையைத் தாண்டாது என்று அம்மாவே சொல்வாள்.

ஜூன் 5, வெள்ளி

ஜும்மாவுக்கு அத்தா போனபின் அவர் மேஜையில் இருந்த ரங்கூன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஜாபர் பாய் போன வருஷக் கடைசியில் எழுதியது. "தாவூது பாய், உங்கள் வாசனைப் பாக்கு மனுஷன் மெல்லுவதற்கா, விளக்கில் ஊற்றுவதற்கா? சீமெண்ணெய் வீசுகிறது. இன்னும் ஒரே ஒரு தடவை அனுப்புங்கள். அதுவும் இப்படி இருந்தால் வேறு கடை பார்த்துக்கொள்வேன்."

நமக்கு ரங்கூனை விட்டால் யார் இருக்கிறார்கள்? இங்கே தெருவுக்குத் தெரு வாசனைப் பாக்கு. ஜாபர் பாய் விட்டுவிட்டால் அத்தா துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போக வேண்டியதுதான். கூலிக்கு மடிக்க வருகிற தாயம்மாவும் சிவந்தியும் எங்கே போவார்கள்?

கப்பலில் சீமெண்ணெய் டின்களுக்குப் பக்கத்தில் நம் பெட்டியை அடுக்கிவிட்டார்கள் என்றுதான் அத்தா இன்றுவரை சொல்கிறார். ஞானமும் ஆமாம் என்றாராம்.

சிவந்தியிடம் ஒரு தாளை நீட்டி முகரச் சொன்னேன். முகர்ந்தாள். "இன்னாம்மே, ஒண்ணும் வரலியே. எண்ணூர் காத்து குடிச்ச மூக்கு, ராணி மூக்கு! எங்க மூக்கு லவங்கத்துல செத்து வருசமாச்சு" என்று சிரித்தாள். தாயம்மாவும் சிரித்தாள்.

ஜூன் 6, சனி

இன்றைக்கு எனக்கும் வாடை தெரியவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டதா? கட்டின் மேல் தாள், நடுத்தாள், அடித்தாள் மூன்றையும் முகர்ந்தேன். லவங்கம்தான் வருகிறது. கையை முகர்ந்தாலும் லவங்கம். தலையணையும் அப்படியே. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை லவங்கமும் ஏலமும் பச்சைக் கர்ப்பூரமும் இடிக்கிற வீடு இது. சிவந்தி விளையாட்டாகச் சொன்னது நிஜம். இந்த வீட்டில் எல்லோருக்கும் மூக்கு செத்திருக்கிறது. எனக்கு எண்ணூரில் உயிர் வந்தது, மூன்றே நாளில் மறுபடி போய்விட்டது.

இன்னொன்றும் யோசித்தேன். நாங்கள் மெல்லுவது தட்டில் கிடக்கிற பாக்கை. காகிதத்துக்குள் பத்து நாள், பதினைந்து நாள் கிடந்ததை நல்ல மூக்கோடு இங்கே யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. ரங்கூன்காரர்கள்தான் பார்க்கிறார்கள்.

ஜூன் 9, செவ்வாய்

திருவொற்றியூரிலிருந்து திருமலை என்று ஓர் அச்சுக்காரர் வந்தார். காலால் மிதித்து ஓட்டுகிற அச்சு மிஷின் ஒன்றுதான் வைத்திருக்கிறாராம். ஒரே கலர், கறுப்பு. அவர் காட்டிய தாளில் கப்பல் கொஞ்சம் சட்டி மாதிரி இருந்தது.

"எத்தினி நாள்ல ஆவும்?" என்றார் அத்தா.

"பன்னெண்டு நாளு. போட்டதை கொடில தொங்கவுட்டு காயவெச்சுதான் வெட்டுவேன். மையில சீமெண்ணெ ஊத்தி இளக்குறவன் நான் இல்ல. அவசரம்னா வேற ஆளைப் பாரு பாய்."

"ஞானம் நாலு நாளுங்கறாரே."

"அப்ப அவராண்டயே போ."

அத்தா சிரித்துவிட்டார், கோபத்தில். மாதிரியாக இருபது தாள் கொடுத்துவிட்டுப் போகும்போது வாசலில் நின்று, "இத்தப் பாத்து ஏமாந்துடாத. மாதிரி எவன் வேணா நல்லா குடுப்பான். கட்டு வரும்போது பாரு" என்றார்.

தன் சரக்கைப் பற்றியே இப்படிச் சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

ஜூன் 10, புதன்

இரண்டு பழைய பிஸ்கட் டின்களைக் கழுவிக் காயவைத்தேன். ஒரே தட்டிலிருந்து பாக்கு எடுத்தேன். ஞானம் காகிதத்தில் இருபது பொட்டலம், திருமலை காகிதத்தில் இருபது. மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றினேன். ஞானத்தின் டின்னில் ஆணியால் ஒரு கோடு, திருமலையின் டின்னில் இரண்டு கோடு. ஓட்டின் மேல் வெயிலில் வைத்தேன். கப்பலின் அடித்தட்டு இப்படித்தான் வேகும் என்று அத்தா ஒருமுறை சொன்னார்.

அம்மா பார்த்துவிட்டாள். "இன்னாடி அது?" "ஒண்ணுமில்ல." அவளுக்கும் கேட்கத் தெம்பில்லை.

ஜூன் 15, திங்கள்

வெயில். ஐந்நூற்றெண்பது பொட்டலம். வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 24, புதன்

அத்தா ஞானத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கப்பல் ஜூலை 25. இனியும் தள்ளிப்போட முடியாது என்றார். பத்து வருஷப் பழக்கம், ஒவ்வொரு பெருநாளுக்கும் வீடு தேடி வருகிற மனுஷன் என்றார். யாரோ எதிர்த்துப் பேசியதுபோல இவ்வளவும் சொன்னார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நான் திரைக்குப் பின்னால் பசை கிண்டிக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் மட்டும் — எதை வைத்துச் சொல்வது? எனக்கே இப்போது தெரியாத ஒரு வாடையை வைத்தா?

ஜூன் 26, வெள்ளி, எண்ணூர்

பெரியம்மா மகள் ஜெரினா அக்காவுக்குப் பிறந்த பிள்ளைக்கு நாளை மறுநாள் நாற்பதாம் நாள். அதற்காக மூன்று பேரும் ரயிலேறி வந்தோம். துணி மூட்டைக்குள் இரண்டு டின்களையும் கொண்டுவந்திருக்கிறேன். "அதுல இன்னா, கல்லா?" என்றார் அத்தா. மூட்டையை அவர்தான் தூக்கி வந்தார், பாவம்.

ஜூன் 28, ஞாயிறு, எண்ணூர்

காலையில் கழிமுகக் காற்றில் சேற்று மணமும் மீன் மணமும் தனித்தனியாக வந்தன. அப்போதுதான் மூக்கு திரும்பிவிட்டது என்று தெரிந்தது. இந்த டைரியைப் பிரித்தேன். இது ஞானம் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. வீட்டில் அந்தக் காகிதக் கட்டுகளின் மேல்தான் கிடக்கும். இதிலும் லேசாக அதே வாடை.

கொல்லையில் உட்கார்ந்து மெழுகைச் சுரண்டினேன். இரண்டு கோட்டு டின்: லவங்கம், ஏலம், கொஞ்சம் காகிதம். ஒரு கோட்டு டின்: மூடியைத் தூக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு பாக்கை வாயில் போட்டுத் துப்பினேன்.

நானாக நினைத்துக்கொண்டது இல்லை. இல்லவே இல்லை.

முன்கட்டில் ஆண்கள் பந்தியில் இருந்தார்கள். அங்கே போய் என்னால் பேச முடியாது. யாரிடமாவது தட்டில் வைத்துக் கொடுத்தனுப்பினால் பத்துப் பேர் எதிரில் அத்தா தலை குனிய வேண்டும். அதுவும் என்னால் முடியாது.

அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்ய அத்தா கிணற்றடிக்கு வந்தார். தனியாக. இரண்டு டின்களையும் துவைக்கிற கல்லின் மேல் வைத்தேன்.

"இன்னாம்மா ரஹீமு?"

"மோந்து பாருங்கத்தா."

திருமலையின் டின்னை முகர்ந்தார். "நம்ம பாக்கு." மற்றதைத் திறந்தார். திறந்த கையோடு தலை பின்னால் போனது. மறுபடி குனிந்து முகர்ந்தார்.

"ஞானம்தானே?"

தலையாட்டினேன்.

"கப்பலைத் திட்டினேன். துறைமுகத்துல அத்தினி பேரையும் திட்டினேன்" என்றார். பிறகு, "வாக்குக் குடுத்துட்டேனே ரஹீமு."

வாளியை எடுத்துத் தண்ணீர் சேந்தினார்.

ஜூன் 30, செவ்வாய்

வீடு வந்தோம். அம்மா உள்ளே போய்விட்டாள். அத்தா வாசற்படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார். நான் பின்னால் நின்றேன். எனக்கும் அந்த வாடை வந்தது.

"இத்தினி நாளா இதுக்குள்ளயா இருந்தோம்?" என்றார்.

சட்டையைக்கூட மாற்றாமல் ஞானத்தைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது முகம் வற்றியிருந்தது. ஞானம் கத்தவில்லையாம். "ஒரு பொம்பளைப் புள்ள மூக்கை நம்பி பத்து வருசத்தை வுட்டுட்டீங்களா பாய்" என்று மட்டும் கேட்டாராம். "அவரு கத்தியிருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றார் அத்தா. சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

ஜூலை 1, புதன்

ஞானம் காகிதமும் அதில் மடித்ததும் வெளியே போயின. திருமலையிடம் ஆர்டர் போயிற்று. பன்னிரண்டு நாள், கட்டுக் கட்டாக அனுப்புவார். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அதுவே அத்தாவுக்கு ஆறுதல்.

எனக்கு ஒரு சட்டம் வந்திருக்கிறது. பாக்கு அறைக்குள் கால் வைக்கக்கூடாது. "உன் மூக்கு கெடக்கூடாது" என்றார் அத்தா. கொல்லையில் கீற்றுக்கொட்டகையில் இருக்கிறேன். துணி துவைப்பது, அரிசி பொறுக்குவது.

ஜூலை 4, சனி

புதுக் காகிதம் வரும்வரை பாக்கு வெட்டுகிற வேலை; என் பங்கையும் சிவந்திதான் வெட்டுகிறாள். கட்டைவிரல் வெடித்திருக்கிறது. "ராணி மூக்கு சௌக்கியமா?" என்று கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்டாள். சிரிக்கவில்லை. எனக்கும் சும்மா இருப்பது மடிப்பதைவிட அசதியாக இருக்கிறது.

ஜூலை 8, புதன்

முதல் கட்டு வந்தது. அத்தா கொல்லைக்கே தூக்கி வந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். மேல், நடு, அடி. சுத்தம். கப்பல் இன்னும் சட்டி மாதிரிதான் இருக்கிறது. தலையாட்டினேன். உள்ளே போயிற்று.

ஜூலை 11, சனி

இரண்டாவது கட்டு. திருமலையே தூக்கி வந்தார். மூன்று நாளாகத் திருவொற்றியூர்ப் பக்கம் மழை மூட்டம். வெளியே அத்தாவிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேல் தாள் சுத்தம். நடுத்தாளில் சீமெண்ணெய் இல்லை, ஆனால் மையின் பச்சை எண்ணெய் வாடை. விரலால் கப்பலைத் தேய்த்தேன். விரல் கறுத்தது.

அத்தாவுக்குப் புரிந்துவிட்டது. தாழ்ந்த குரலில், "கப்பலுக்கு நாள் இல்லியே ரஹீமு" என்றார். "வெளிய நிக்கிறாரு. அந்த மனுஷனையுமா திருப்பறது?"

ஜாபர் பாய்க்கு ஒரே ஒரு தடவைதான். என் மூக்குக்காக வெடித்த சிவந்தியின் விரலும் ஞாபகம் வந்தது. கட்டை மறுபடி கட்டினேன். தூக்கிக்கொண்டு திரைவரைக்கும் போனேன். அந்தப் பக்கம் திருமலையின் கால்கள் தெரிந்தன.

"இது இன்னும் காயல" என்றேன், அவருக்குக் கேட்கும்படி. கட்டைத் திரைக்கு வெளியே நகர்த்தி வைத்தேன்.