கயிறு எதற்கென்று நான் சொல்லவில்லை

இன்று காலை தோல் ஷாப்புத் தொட்டியில் புது ஆவாரம்பட்டையைக் கொட்டினார்கள். தோல் பதனிடும் அந்த வாடையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். எனக்கு அது உறைப்பதில்லை. ஆனால் இன்று உறைத்தது. அதே வாடை பிடிக்காமல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாயே, அந்த நீ நினைவுக்கு வந்துவிட்டாய்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது அது. சிறுமலை அடிவாரத்தில் ஒரு தோட்டக்காரரிடம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாய். பட்டியிலிருந்து நாலு ஆடுகளைச் சிறுத்தை தூக்கியிருந்தது. "பாயி, காவலுக்கு ஒரு நாய் வேணும். இங்க அம்புட்டு நாய் சுத்துதே, ஒண்ணக் குடு" என்றாய்.

"மலையில பன்னியும் மானும் கெடக்கு. அதை விட்டுட்டு ஆளு இருக்கிற பட்டிக்கு ஏன் மாப்ளே வருது?" என்று கேட்டேன்.

நீ தரையில் குந்தி உட்கார்ந்து சொன்னாய். நல்ல நிலையில் இருக்கும் சிறுத்தை பன்றியையும் அடிக்குமாம். ஆனால் குட்டியா, நோஞ்சானா, கூட்டத்தை விட்டுப் பிரிந்ததா என்று பார்த்துத்தான் அடிக்குமாம். பெரிய ஆண்பன்றி எதிர்த்து நின்றால் ஒதுங்கிப் போய்விடுமாம். "ஒரு கிழி விழுந்தா வைத்தியம் பாக்க அதுக்கு ஆஸ்பத்திரியா இருக்கு? இது கணக்குத் தப்பிப் போயி பெரிய பன்னிமேல விழுந்திருக்கு. ஓடை மணல்ல ரத்தமும் பன்னி மயிரும் கெடந்துச்சு. அதுலருந்து தடத்துல ஒரு கால் சரியா ஊனல. இனிமே அதுக்கு ஆடும் நாயும்தான்."

"அப்ப எங்க நாயையும் அதுக்குத் தீனியாத்தான் கொண்டு போறியா?" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். நீ கொண்டு வந்திருந்த ஆட்டுக் கயிற்றை ஒரு வெள்ளை நாயின் கழுத்தில் நானே கட்டிவிட்டேன்.

ஒரே வாரத்தில் அந்த நாயும் போய்விட்டது. அடுத்து இன்னொரு ஆடும் போனது. நீதான் ஆடுகளைச் சந்தையில் விற்கிறாய் என்று தோட்டக்காரர் கிணற்று மேட்டில் ஆட்களைக் கூட்டினார். ஆட்டுக் கயிறும் கையுமாக உன்னைத் திண்டுக்கல்லில் எங்கள் ஷாப்புப் பக்கம் பார்த்ததாக யாரோ சொல்லியிருந்தார்கள். நீ என்னைக் கேட்கச் சொன்னாய். என் முதலாளியே என்னை வண்டியில் அழைத்துப் போனார். வழியில், "அவரு தோட்டத்துப் பட்டைதான் நமக்கு வருது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார்.

"இவனை டவுன்ல பாத்தியா?"

"பாத்தேன்."

"கையில கயிறு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நாய் புடிச்சுட்டு வரத்தான் கயிறு!" என்று கத்தினாய். "அந்த நாய் எங்கடா?" என்றார் தோட்டக்காரர். "அதையும் சிறுத்தை தூக்கிருச்சு" என்றாய். கூட்டம் முழுக்கச் சிரித்தது. நீ என் முகத்தையே பார்த்தாய். நான் முதலாளியின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே உன் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். உன் மனைவி வளர்த்த இரண்டு வெள்ளாடுகளையும் பிடித்துக்கொண்டார்கள். ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் பிழைக்கப் போகும்முன் ஷாப்பு வாசலுக்கு வந்து, "போறேன் பாயி" என்றாய். திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் போனாயே, அதற்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நீ போன பிறகும் ஆடுகள் காணாமல் போயின. பிறகுதான் அவர்கள் துப்பாக்கிக்காரனை வரவழைத்தார்கள். சிறுத்தையின் தோல் பதனிட எங்கள் ஷாப்புக்கே வந்தது. நான்தான் பிரித்து விரித்தேன். நெஞ்சிலிருந்து முன்னங்கால் சந்து வரை அரிவாளால் இழுத்த மாதிரி ஒரு பழைய தழும்பு. பன்றியின் கோரைப்பல் கீழிருந்து மேலே கிழித்த தடம். அந்தக் கால் சூம்பியிருந்ததாகச் சுட்டவனே சொன்னான். நீ ஓடை மணலில் படித்தது அத்தனையும் அந்தத் தோலில் இருந்தது.

தோட்டக்காரர் வந்தபோது தழும்பைக் காட்டிச் சொன்னேன். கயிற்றையும் நாயையும் சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, "அதான் செத்துப் போச்சுல்ல, விடு. முடி உதிராமப் பாத்துக் குடு" என்றார். முடி உதிராமல்தான் செய்து கொடுத்தேன். அவர் வீட்டுக் கூடத்தில் இன்றைக்கும் அது தொங்குகிறது.

எஸ்டேட்டுக்கு உனக்குக் கார்டு போட்டேன். பதில் இல்லை. போன மாதம் உன் மனைவி தனியாக ஊர் திரும்பியபோதுதான், அந்தக் கார்டு வருவதற்கு முன்பே காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று தெரிந்தது. அவள் வாயால் நாலு வார்த்தை கேட்டால் தேவலை என்று போய் நின்றேன்.

அவளோ, "அவரு உங்களை ஒண்ணும் சொல்லலண்ணே. 'பாயிக்கு மூணும் பொம்பளப் புள்ளைக, அவரு என்ன செய்வாரு'ன்னுதான் கடைசி வரைக்கும் சொன்னாரு" என்றாள்.

அந்தச் சாக்கை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்காக நீயே தேடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். இப்போது என் பெண்கள் மூவருக்கும் நிக்காஹ் முடிந்துவிட்டது. நீ சொன்னதை மட்டும் என்னால் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.