லாந்தரின் இடது கால்

மச்சான்,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று முன்னாலேயே சொன்னவன் நான். நம் காமிக்ஸ் நாயகன் சுக்கான் சேரன் ஒருநாள் சினிமாவாக வருவான் என்றேன், வந்தான். வந்தால் கதையை மாற்றாமல் விடமாட்டார்கள் என்றேன், மாற்றினார்கள். நீ அந்தப் படத்தைப் பார்க்கமாட்டாய் என்றேன், கடைசிவரை பார்க்கவில்லை. நம் இரண்டு பேரில் நீதான் முதலில் போவாய் என்றுகூட உன் மருந்துக்கடையில் உட்கார்ந்துகொண்டு ஒரு தடவை விளையாட்டாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு நீ, "போறதுக்கு முன்னாடி புக்கு அலமாரியப் பூட்டிச் சாவியக் கையோட எடுத்துட்டுப் போயிடுவேன்டா, உன்ன நம்ப முடியாது" என்றாய்.

சாவியை எடுத்துப் போகவில்லை நீ. உன் பெண்டாட்டி, எனக்குத் தங்கச்சி முறை, அலமாரியைத் திறந்து, அத்தனை காமிக்ஸையும் மருந்து வருகிற அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, சிதம்பரத்தில் பஸ் ஏற்றி, கடலூர் பஸ் ஸ்டாண்டில் என் கையில் சேர்த்துவிட்டாள். இன்று காலை பெட்டியைப் பிரித்தேன். வசம்பு வாசனை வீடு முழுக்க அடித்தது. பூச்சி அரிக்காமல் இருக்க ஒவ்வொரு புத்தகத்துக்கும் நடுவில் ஒரு துண்டு வசம்பு வைப்பாயே, அந்த வாசனை. உன் சட்டைப் பையிலும் அதுதான் அடிக்கும். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து, "யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டாள். யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைப் பிரித்தேன்.

போனில் தங்கச்சி ஒன்று கேட்டாள். "ஏண்ணா, ரெண்டு பேரும் கடைசியில எதுக்குப் பேசிக்காமயே இருந்தீங்க? அவரும் சொல்லல. நீங்களாவது சொல்லுங்க." பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் அப்போது வீட்டில் இருந்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் உனக்கு எழுதிப் பார்க்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்ட கண்டக்டர்தான், ஆனாலும் என் சர்வீசைப் பற்றி நீ அறிவாய். கடலூர் சிதம்பரம் ரூட்டில் என் விசில் சத்தத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட வீடுகள் உண்டு. ஒரு கலெக்டரே என் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருக்கிறார். அப்படிப்பட்ட பஸ்ஸில்தான், மருந்து எடுக்கக் கடலூர் வந்துவிட்டுத் திரும்பும்போது நீ ஏறினாய். இடது காலில் இரும்புப் பட்டை போட்ட பூட்ஸ். படியில் அது மோதிய சத்தம் கேட்டே, முன் சீட்டில் இருந்தவரை எழுப்பிவிட்டு என் துண்டைப் போட்டு இடம் பிடித்தேன். நீ உட்காரவில்லை.

"யாருக்குச் சீட்டு?" என்றாய்.

"உங்களுக்குத்தான் சார்."

"நான் கேட்டேனா? எழுப்பி விட்டீங்களே, அவரு எங்கப் போவாரு?"

கம்பியைப் பிடித்தபடியே சிதம்பரம்வரை நின்றாய். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் சுக்கான் சேரன். ஆலப்பாக்கம் தாண்டியதும் நான் உன் தோளுக்கு மேலே எட்டிப் படிக்க ஆரம்பித்தேன். பக்கத்தைத் திருப்பும் முன்னால் நீ என்னைப் பார்த்து, "முடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பினாய். புதுச்சத்திரத்தில் இரண்டு பேர் டிக்கெட் வாங்காமலே இறங்கினார்கள். சிதம்பரம் வரும்போது நீ எனக்கு மச்சான் ஆகிவிட்டாய்.

சுக்கான் சேரனைத் தெரியாதவர்களுக்கு நான் எப்போதும் இப்படித்தான் சொல்வேன். துறைமுகத்தில் படகு ஓட்டுகிறவன், கடத்தல்காரர்களைப் பிடிக்கிறவன், பத்துப் பேரை ஒரே துடுப்பால் அடிப்பவன். எல்லாரும் அவனுக்காகப் படித்தார்கள். நீ லாந்தருக்காகப் படித்தாய். சேரனின் கூட்டாளி லாந்தர், இடது கால் விளங்காதவன், படகின் முனையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். கடைசிப் புத்தகத்தில் புயலில் படகு உடையும்போது எல்லாரையும் வேறு படகில் ஏற்றிவிட்டு, அவர்களுக்குக் கழிமுகம் தெரிவதற்காக விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி இவன் மட்டும் மூழ்குவான். கடைசிக் கட்டத்தில் கறுப்புத் தண்ணீரும் ஒரு வெள்ளைப் புள்ளியும்தான் இருக்கும். அந்த மாதம் பாதி சிதம்பரம் அழுதது. சரி, பாதி இல்லை. நீயும் நானும் அழுதோம்.

ஏன் அவனை இத்தனை பிடிக்கும் என்று நான் ஒருதடவை கேட்டேன். "நொண்டின்னா கதையில ஒண்ணு பிச்ச எடுப்பான், இல்ல வில்லனா இருப்பான். இவன் வேல பாக்குறான்டா. எவனும் இவனுக்குச் சீட்டுப் புடிக்கல" என்றாய். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடுத்த வாரமும் துண்டு போட்டேன். நீயும் அடுத்த வாரமும் நின்றாய்.

படம் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் மேல வீதியில் உன் கடை பட்டிமன்றமாகிவிட்டது. காமிக்ஸ் வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குக் கொதித்தார்கள். சேரனுக்குக் காதலியாம், நாலு பாட்டாம். நான் மட்டும் படத்தின் பக்கம் நின்றேன்.

"மழையில ரோடு அறுத்துக்கிட்டா நான் என்ன மச்சான் பண்றேன்? வடலூர், சேத்தியாத்தோப்பு சுத்திக்கிட்டு வரல? வழி மாறுனாலும் பஸ்ஸு சிதம்பரந்தான் வந்து நிக்குது. சினிமாவும் அப்படித்தான்" என்றேன். கடையில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

நீ மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, "பஸ்ஸு வந்துருச்சு, சரி. ஆலப்பாக்கத்துல எறங்க வேண்டியவன் என்னடா ஆனான்?" என்றாய்.

நான் வடலூர் ரோட்டைப் பற்றியே மறுபடியும் ஏதோ பேசினேன்.

உன்னைப் பிடிவாதக்காரன் என்று குழுவில் எல்லாரும் சொன்னார்கள். அது சரியில்லை. "டாக்டரு எழுதுனத மாத்திக் குடுத்தா நான் கடக்காரனே இல்ல" என்று வீராப்பாகச் சொன்னாலும், சரக்கு இல்லாவிட்டால் அதே மருந்தை வேறு கம்பெனியில் கொடுக்கிறவன்தானே நீ. அன்று மாலை ஷட்டரை இறக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாய்: "சேரனுக்குக் கல்யாணமே பண்ணி வைக்கட்டும், எனக்கு என்ன. பேர மாத்தட்டும். லாந்தர மட்டும் விட்டுட்டா போதும். மொத நாள் மொத ஷோ ரெண்டு பேரும் போவோம்." ரசிகன் இதைவிட இறங்கிவர முடியுமா? ஒரு முழுக்கதையில் ஒரே ஒரு ஆளைத்தான் கேட்டாய்.

பிறகுதான் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஷூட்டிங் நடந்தது. எனக்கு அன்றைக்கு ஓய்வு நாள், போனேன். நடந்ததை உன் கடையில் நான் சொன்னபடியே இங்கேயும் எழுதுகிறேன். கூட்டத்தில் என்னைப் பார்த்ததுமே டைரக்டர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். "இந்தக் கதைய நீங்க படிச்சிருக்கீங்களா?" என்றார். "மனப்பாடம் சார்" என்றேன். "லாந்தர என்ன பண்ணலாம், உங்க மாதிரி ஆளு சொல்லணும்" என்றார். நான் ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "சாவடிக்காதீங்க சார். அந்தக் காலையும் சரி பண்ணி விட்டுடுங்க. ஓடட்டும், ஆடட்டும். ஜனங்க சந்தோஷமா வீட்டுக்குப் போவாங்க" என்றேன். டைரக்டர் எழுந்து கை கொடுத்தார்.

இதை நான் சொன்னபோது உன் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் கையே தட்டினார். "மாமா பெரிய ஆளுதான்யா" என்றார் ஒருவர். உன் கத்தரிக்கோல் மட்டும் நின்றுவிட்டது.

"காலையுமா?"

"ஆமா மச்சான். அது என்ன பெரிய வேலையா?"

"அது உனக்கு இடைஞ்சலா இருந்துச்சா?"

"எது?"

"அந்தக் கால்."

நான் சிரித்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ மிச்ச மாத்திரையைக் கத்தரித்து, உறையில் போட்டு, காத்திருந்த அம்மாவிடம், "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றாய்.

படம் வந்தது. லாந்தர் இரண்டு காலாலும் ஓடினான். படகு உடையவில்லை. கடைசியில் சேரனின் கல்யாணத்தில் விளக்கை எங்கோ வைத்துவிட்டு முன்வரிசையில் ஆடினான். முதல் நாள் முதல் ஷோ போனேன். பக்கத்துச் சீட்டில் என் துண்டைப் போட்டு வைத்திருந்தேன். இடைவேளைவரை யாரையும் உட்கார விடவில்லை. நீ வரவில்லை. ஜனங்கள் விசில் அடித்தார்கள். பக்கத்தில் ஒரு குடும்பம் லாந்தர் ஆடியதைப் பார்த்துக் கைதட்டியது. அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர்களுக்கு மூழ்கிய லாந்தரைத் தெரியாது, இவனைத்தான் தெரியும்.

அதன் பிறகு பிரஷர் மாத்திரை வாங்க உன் கடைக்கு வந்தேன். "வாங்க" என்றாய். மச்சான், நீ என்னை டேய் என்பாய், நாயே என்பாய், ஒருதடவை குமராட்சி மினி பஸ்ஸில் எல்லார் முன்னாலும் கழுதை என்றாய். ஒன்றும் தைத்ததில்லை. அந்த "வாங்க" தைத்தது. "சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. உப்பக் கொறச்சிக்குங்க" என்றாய். மாதாமாதம் வந்தேன். மாதாமாதம் "வாங்க", "கொறச்சிக்குங்க". கடலூரில் என் தெருவிலேயே மருந்துக்கடை இருக்கிறது. உன் கடைக்குத்தான் வந்தேன்.

நீ போன அன்று நான் டியூட்டியில் இருந்தேன். ஜெராக்ஸ்காரர்தான் போன் செய்தார். ஷட்டரைப் பாதி தூக்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டாயாம், நெஞ்சுவலியாம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டதாம். நான் அடுத்த டிக்கெட்டைக் கிழித்தேன், அதற்கடுத்ததையும் கிழித்தேன். சிதம்பரம் வந்ததும் பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு உன் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் செருப்புகளோடு செருப்பாக உன் இடது கால் பூட்ஸ் கிடந்தது. இத்தனை வருஷத்தில் அது இல்லாமல் உன்னை நான் பார்த்ததில்லை. உள்ளே படுத்திருந்தவன் காலைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

குழுவில் இன்னும் அதே சண்டைதான். புத்தகத்துக்குத் துரோகம் செய்த படத்தை ரசிகன் ஏற்கலாமா, கூடாதா என்று. என்னைக் கேட்டார்கள். டைரக்டருக்கே யோசனை சொன்னவன் இல்லையா. படத்தை விட்டுவிடலாம் என்று எழுதினேன். அது நம் அலமாரிக்குள் கையை விட்டு எதையும் அழிக்கவில்லை, கடைசிக் கட்டத்தில் வெள்ளைப் புள்ளி இன்னும் இருக்கிறது, காலையில்கூடப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருவன் நம் ஆளைத் தப்பாக வரைந்தால் முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விடலாம். கூடவே உட்கார்ந்து படித்தவன் ரப்பரை எடுத்து அந்தக் காலை அழித்தால்தான் தாங்க முடியாது. இதில் கடைசி இரண்டு வரியைக் குழுவில் போடவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

நாளைக்குத் தங்கச்சியைப் பார்க்க வருகிறேன். அவள் கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் உனக்கு. மச்சான், அந்த நாற்காலி கிடையாது. டீயும் கிடையாது. கூட்டத்தோடு கூட்டமாகக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வெயிலில் நின்றேன். டைரக்டரின் முதுகை மட்டும் பார்த்தேன். லாந்தர் வேஷக்காரன் இரண்டு காலாலும் ஓடி வந்தபோது எனக்கே பகீர் என்றது. மூங்கில் தூக்கிக்கொண்டு போன ஒரு ஆளை நிறுத்தி, "ஏம்பா, அவன் நொண்டியாச்சே" என்று கேட்டேன். "இதுல நல்லா இருக்கான், சாவவும் மாட்டான், தள்ளிப் போ பெருசு" என்றான். உன்னிடம் அதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். கடையில் நாலு பேரைப் பார்த்ததும், எப்படியும் படத்தில் வரப்போவதை நானே சொன்ன யோசனையாக வாய் தானாக ஜோடித்துவிட்டது. மறுநாளே வந்து சொல்லியிருக்கலாம். அதற்குள் மேல வீதி முழுக்க என்னைச் சினிமா மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பொய்க்காரன் ஆவதைவிட உன் கோபம் தேவலை என்று நினைத்துவிட்டேன். கோபம் என்றைக்காவது தீரும் என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் காலைச் சரி பண்ணச் சொன்னவன் நான் இல்லை. அங்கே என்னை யாரும் எதுவும் கேட்கவே இல்லை, மச்சான்.