மாற்றித் திருகிய மூடிகள்

6.7.2009, திங்கள்

கெமிஸ்ட்ரி டீச்சர் இன்றும் வெளியே நிறுத்தினார். நான் செய்தது வினை, அவர் செய்தது எதிர்வினை. பாடம் புரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஜெகதீஷ் அண்ணன் ஓட்டுகிற டிராவல்ஸ் கார் பேச ஆரம்பித்துவிட்டதாம். நாலு சக்கரத்திலும் காற்றடிக்கிற வாயில் ஆளுக்கொரு மூடி. டேஷ்போர்டுக்கு அடியில் சிம் போட்ட டப்பா. மூடி காற்றை அளந்து தன் சக்கரத்தின் பெயரோடு டப்பாவிடம் சொல்லும், டப்பா நெட் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டரிடம் கோள் மூட்டும். அண்ணனுக்கும் மெசேஜ் வரும். இங்கிலீஷில் வருவதால் நான்தான் படித்துச் சொல்லணும்.

“என் வண்டிக்கும் இப்ப வாய் மொளச்சிருச்சு பாப்பா, ஒன்ன மாதிரியே.”

அப்படியா அண்ணே? சாயங்காலம் அவர் குளிக்கப் போனபோது பின்சக்கரத்து மூடிகள் இரண்டையும் கழற்றி, வலதை இடதிலும் இடதை வலதிலும் திருகிவிட்டு வந்தேன். வாய் இருந்தால் உளறவும் வேணுமில்லையா.

8.7.2009, புதன்

உளறிவிட்டது! பின்பக்கம் இடது சக்கரத்தில் காற்று கம்மி என்று மெசேஜ். அப்படியென்றால் கம்மியாக இருப்பது வலது. இருந்ததை இருந்தபடி படித்துச் சொன்னேன். அண்ணன் பங்க்குக்கு ஓடினார். பாகலூர் ரோடு பங்க்கில் மீட்டர் முள் உடைந்து மாசக்கணக்காச்சு, தட்டிப் பார்த்துத்தான் அடிப்பார்கள். வந்து நிறுத்தியதும் மறுபடி அதே மெசேஜ்.

“டயருக்குக் காத்துக் கருப்பு அடிச்சிருக்குண்ணே. மந்திரிச்சாதான் நிக்கும்” என்றேன். தெருவே சிரித்தது. அவரும்தான்.

நாளைக்கு மாற்றி வைத்துவிடலாம்.

9.7.2009, வியாழன்

மறந்துபோச்சு.

இல்லை. மறக்கவில்லை. இன்னும் ஒருநாள் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். இன்றும் காற்றடித்துவிட்டு வந்தார்.

10.7.2009, வெள்ளி

கார் வரவில்லை. அண்ணன் பஸ்ஸில் வந்தார்.

அவர் மனைவி பூங்கொடி அக்கா அம்மாவிடம் சொல்லி அழுததைச் சமையலறையிலிருந்து கேட்டேன். ஆபீஸில் மேனேஜர் மூர்த்தி கம்ப்யூட்டரை அண்ணன் பக்கம் திருப்பிக் காட்டினாராம். இடது சக்கரம் குறைந்தது குறைந்தபடியே இருக்கிறது. வலது மட்டும் தினமும் ஏறிக்கொண்டே போகிறது.

“கொறஞ்சத வுட்டுட்டு நல்லா இருக்கறதுக்கு அடிச்சிருக்கே. எங்கள நக்கல் பண்றியா?”

“இடதுலதான் சார் அடிச்சேன். பசங்க மேல சத்தியமா.”

“அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?”

சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். நக்கல் பண்ணினது நான். அவர் பண்ணினதாகப் பதிவாகியிருக்கு. கார் ஆபீஸ் ஷெட்டில் நிற்கிறது, திருட்டுத்தனமாக மாற்றி வைக்கவும் வழியில்லை. ஐயோ, என்னா பண்ணி வெச்சிருக்கேன்.

11.7.2009, சனி

டீக்கடைப் பையன்கள் அண்ணனைப் பார்த்து, “டேய், காத்துக் கருப்பு வருதுடா” என்றார்கள். நான் வைத்த பெயர். நன்றாக ஒட்டிக்கொண்டது. அவர் டீ குடிக்காமலே திரும்பிவிட்டார்.

மத்தியானம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பாப்பா, கோவிச்சுக்காத. மெசேஜுல லெஃப்ட்டுன்னுதான இருந்துச்சு? அவருதான் தப்பா கேட்டுட்டாரோ?”

“லெஃப்ட்டுதான்க்கா.”

ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதனால்தான் சோறு இறங்கவில்லை.

13.7.2009, திங்கள்

சொல்லிட்டேன்.

முதலில் அண்ணனிடம். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நின்றேன். “வா, ஆபீஸ்ல வந்து சொல்லு” என்றார், அவ்வளவுதான். பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்.

ஷெட்டில் நானே மூடிகளைக் கழற்றி மாற்றினேன். மூர்த்தி சார் திரையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “பயங்கர மூளைய்யா இந்தப் பொண்ணுக்கு! எங்க இன்ஜினியருக்கே தோணல.”

அண்ணன் சிரிக்கவில்லை. “அப்ப நான் பொய் சொல்லல, இல்ல சார்?” என்றார்.

சார் சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினார்.

“பொய் சொல்லல, இல்ல சார்?”

“அட போய்யா, வண்டிய எடு. டிரிப்புக்கு நேரமாச்சு.”

இவ்வளவு நாளும் யாராவது நம்மைப் பாராட்டமாட்டார்களா என்று எத்தனை சேட்டை செய்திருப்பேன். இன்று பாராட்டினார்கள். அந்த ஷெட்டிலேயே புதைந்துபோனால் போதும் என்றிருந்தது.

14.7.2009, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

17.7.2009, வெள்ளி

அண்ணன் வீட்டு கேட்டுக்குப் புதுப் பூட்டு. பூங்கொடி அக்கா கம்பெனி ஷிப்டுக்குப் போகும்போது சாவியை அம்மாவிடம் கொடுத்தார். என்னைப் பார்த்து எப்போதும்போல், “சாப்ட்டியா பாப்பா?” என்றும் கேட்டார்.

அவர் போனதும் அம்மா சாவியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு நான் இருக்கிற பக்கம் முதுகைக் காட்டி நின்று, துவரம்பருப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

நான் புத்தகத்தைப் பார்த்தபடியே இருந்தேன்.